சால்ஃபொன்ட் குடிலில் ஒரு முதுகவி

தொற்றுநோய்களின் வரலாறு பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எத்தனை பேர் மாண்டனர், எந்த ஊர் வெறிச்சோடியது, எந்த மன்னன் தலைநகரை விட்டு நீங்கினான் என்பனவற்றை நாம் எளிதில் அறிந்துகொள்ள முடிகிறது. அதே காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்த ஒரு முதியவரின் பொழுது எவ்வாறு கழிந்தது, அவரைக் கைபிடித்து நடத்தியவர் யார் என்று கேட்டால் ஆவணங்கள் வாய்மூடிக்கொள்கின்றன. 2020ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளிலும் முதியோர் வெளியே வரவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டபோது, இக்கேள்வி நம் வீட்டுத் திண்ணைகளிலும் வந்து அமர்ந்தது. அதற்கு 355 ஆண்டுகளுக்கு முன், இலண்டனைப் பெருங்கொள்ளை நோய் சூறையாடியபோது வாழ்ந்த ஒரு முதியவரைப் பற்றி மட்டும் அரிதாகச் சில சான்றுகள் எஞ்சியுள்ளன. அவர் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன்.

1608 டிசம்பரில் பிறந்த மில்டனுக்கு 1665 கோடையில் வயது 56. இதெல்லாம் ஒரு முதுமையா என்று வாசகர்கள் கேட்கலாம். கண்பார்வை 1652ஆம் ஆண்டிலேயே முற்றிலும் போய்விட்டது. மூட்டுகளைக் கீல்வாதம் முடக்கிக்கொண்டிருந்தது. அவர் நம்பிய குடியரசு வீழ்ந்து, 1660இல் முடியாட்சி மீண்டபோது அவருடைய நூல்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன; அவரும் சில காலம் சிறையிலிருந்தார். மனைவியர் இருவரை இழந்து, 1663இல் தம்மைவிட முப்பது ஆண்டுகள் இளையவரான எலிசபெத் மின்ஷலை மணந்திருந்தார். அரசியலில் தோற்று, ஊரார் மறந்துபோன ஒரு கிழவராகவே அன்றைய இலண்டன் அவரைக் கண்டது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய ஒரு காவியம் மட்டும் அவ்வீட்டில் ஏறத்தாழ முடிவுற்றிருந்தது.

அந்த வீடு பன்ஹில் நிலத்தை ஒட்டிய ஆர்ட்டிலரி வாக் என்னும் தெருவில் இருந்தது. நோயில் மாண்டோரைப் புதைப்பதற்கென்று மாநகராட்சி 1665இல் ஒதுக்கிய இடம் அதே பன்ஹில் நிலம்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அருகிலிருந்த கிரிப்பிள்கேட் வட்டாரம் நோயால் மிகுந்த இழப்பைக் கண்ட பகுதிகளுள் ஒன்று. நோய் கண்ட வீட்டின் கதவில் சிவப்புச் சிலுவை வரையப்பட்டது. உள்ளே இருந்தவர்கள், நலமாயிருந்தவர்களும் சேர்த்தே, நாற்பது நாள் பூட்டி வைக்கப்பட்டனர்; வாயிலில் காவலர் நின்றனர். செப்டம்பர் மாதத்தின் ஒரே வாரத்தில் இந்நோய்க்கு 7165 பேர் பலியானதாக அன்றைய மரணப் பட்டியல் கூறுகிறது. ஆண்டு முழுமைக்கும் பட்டியல் காட்டும் எண்ணிக்கை 68,596; உண்மையில் ஒரு இலட்சத்தை எட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரி யெர்சினியா பெஸ்டிஸ் என்பது, அக்காலப் புதைகுழி ஒன்றில் கிடைத்த எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து 2016இல் உறுதி செய்யப்பட்டது. அன்றைய மக்களோ கெட்ட காற்றையும் கடவுளின் சினத்தையும் காரணமாகக் கொண்டனர்.

சூலை மாதத்தில் மன்னர் இரண்டாம் சார்லஸ் தலைநகரை நீங்கினார். செல்வர்களும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினர். கண் தெரியாத ஒரு முதியவர் எங்கே போவார்? இங்கேதான் தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் வருகிறார்.

எல்வுட் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். இலத்தீன் கற்கும் ஆவலால் 1662இல் மில்டனை நாடி வந்தார். கூலி வாங்காமல் நாள்தோறும் நூல்களை வாசித்துக் காட்டுவது, கைம்மாறாகப் பாடம் கேட்டுக்கொள்வது என்பது ஏற்பாடு. தாம் பொருள் விளங்கி வாசிக்கிறோமா, விளங்காமல் வாசிக்கிறோமா என்பதை ஆசிரியர் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்தே கண்டுகொள்வார் என்றும், விளங்காத இடத்தில் நிறுத்தி விளக்குவார் என்றும் எல்வுட் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். இலண்டன் காற்று ஒத்துக்கொள்ளாமல் அவர் ஊர் திரும்பிய பின்னும் அந்த உறவு அறுபடவில்லை. நோய் பரவியதும், தம் குடும்பத்துக்கு ஒரு வீடு பார்த்துத் தருமாறு மில்டன் கேட்டது அவரைத்தான். பக்கிங்ஹாம்ஷயரில், இலண்டனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சால்ஃபொன்ட் செயின்ட் ஜைல்ஸ் என்ற சிற்றூரில் எல்வுட் ஒரு சிறு வீட்டை அமர்த்தினார்.

ஆயினும், ஆசிரியர் வந்து இறங்கியபோது வரவேற்க அவர் அங்கில்லை. சூலைத் தொடக்கத்தில், அமர்ஷாம் என்ற ஊரில் குவேக்கர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் சென்றதற்காகக் கைதாகி, அய்ல்ஸ்பரி சிறையில் ஒரு மாதம் போல அடைபட்டிருந்தார்.

சால்ஃபொன்ட் வீட்டில் மில்டனின் ஒரு நாள் எவ்வாறிருந்தது? அவ்வீட்டைப் பற்றியே எழுதப்பட்ட நாட்குறிப்பு ஏதும் இல்லை. ஆனால், அவருடைய முதுமைக்கால வழக்கங்களை ஜான் ஆப்ரி என்பவர் நெருங்கியவர்களிடம் கேட்டுக் குறித்து வைத்துள்ளார். அதிகாலை நான்கு மணிக்கு எழுவார். முதலில் எபிரேய மொழியில் விவிலியத்தை ஒருவர் வாசிக்கக் கேட்பார். பின்பு சிந்தனையில் அமர்ந்திருப்பார். ஏழு மணிக்கு மீண்டும் வாசிப்பவர் வருவார். பகலுணவு வரை வாசிப்பும் எழுத்தும் நடக்கும். தோட்டத்தில் நெடுநேரம் நடப்பார். ஆர்கன் வாசிப்பார், பாடுவார். ஒன்பது மணியளவில் உறங்கச் செல்வார். இரவில் மனத்துக்குள் கட்டிய வரிகளைக் காலையில் எழுதிக்கொள்ள ஆள் வரத் தாமதமானால், கறவை மாடு மடி கனத்துத் தவிப்பதைப் போலத் தாம் தவிப்பதாகச் சொல்வாராம்.

இப்பட்டியலை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நடையும் இசையும் தவிர ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வேறொருவரின் கண்ணோ கையோ தேவைப்படுகிறது. மனிதரை மனிதர் அண்டாதிருப்பதே கொள்ளை நோய்க் காலத்தின் முதற்பாடம். பிறர் குரலின் வழியே மட்டும் நூல்களை அறியும் ஒருவர் அப்பாடத்தை எப்படிக் கைக்கொள்வார்? வாசிப்பவர் வராத நாளில் அவருடைய நூலகம் முழுவதும் ஊமையாகிவிடும். நகரை நீங்கியதால் அவர் உயிர் பிழைத்தார் என்று மட்டும் சொன்னால் போதாது. அஞ்சாமல் தம்மை அண்டிவரும் குரல்களையும் அதனால் காத்துக்கொண்டார்.

அக்குரல்கள் எல்லாம் மனமுவந்து வந்தவை என்றும் எண்ணிவிடக் கூடாது. பொருள் புரியாத மொழிகளிலெல்லாம் தந்தைக்கு வாசித்துக் காட்டும்படி இளைய மகள்கள் இருவரும் பழக்கப்பட்டனர். ஒரு கட்டத்தில் அது அவர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று என்று உடன்பிறந்தாள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் எழுதுகிறார். தந்தையின் நூல்கள் சிலவற்றை மகள்கள் விற்றுவிட்டதாக, அவர் மறைவுக்குப் பின் நடந்த உயில் வழக்கில் ஒரு பணிப்பெண் சாட்சி சொன்னார். தமக்குப் பிடித்த உணவைச் சமைத்துத் தரும் மனைவியை அவர் பாராட்டிய செய்தியும் அவ்வழக்கின் வழியேதான் நமக்குக் கிடைக்கிறது. முதியவர் ஒருவர் வாழும் எந்த வீட்டிலும் அன்பும் அலுப்பும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. பெருங்கவியின் வீடும் அதற்கு விலக்கன்று.

சிறையிலிருந்து வெளிவந்த எல்வுட் ஆசிரியரைக் காணச் சென்றார். பேச்சினிடையே மில்டன் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் செய்து, வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துக் கருத்துச் சொல்லுமாறு கொடுத்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட 'பாரடைஸ் லாஸ்ட்' அது. அதன் முதற்காண்டத்தைப் பின்னாளில் வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளாக்கியதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். படித்துத் திருப்பித் தந்த எல்வுட், சுவர்க்கத்தை இழந்ததைப் பற்றி இவ்வளவு சொன்னீர்களே, மீட்டதைப் பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள் என்ற பொருள்படக் கேட்டார். மில்டன் விடை கூறாது சிந்தனையில் ஆழ்ந்து, பின் பேச்சை மாற்றிவிட்டார். 1671இல் வெளியான 'பாரடைஸ் ரீகெயின்ட்' அக்கேள்வியில் பிறந்ததாக மில்டனே தம்மிடம் கூறியதாக எல்வுட் எழுதுகிறார். அது ஆசிரியரின் அன்பான உபசார வார்த்தையாகவும் இருக்கலாம் என்பார் உண்டு.

இதே மாதங்களில் இலண்டனில் வேறு முதியோரும் இருந்தனர். இறந்தவர் உடலைப் பார்த்து நோய் இன்னதென்று அறிவிக்கும் வேலைக்கு ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் மூதாட்டிகள் அமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் வட்டாரத்தின் உதவித்தொகையில் வாழ்ந்த ஏழைக் கைம்பெண்கள். மறுத்தால் அந்த உதவி நின்றுபோகும் என்பதே நிலைமை. மக்கள் விலகிச் செல்லும் பொருட்டு, மூன்றடிச் சிவப்புக் கோலை ஏந்தியே அவர்கள் தெருவில் நடக்க வேண்டும் என்பது விதி. நாம் மேலே காட்டிய 68,596 என்ற எண், அம்மூதாட்டிகள் வீடுவீடாக ஏறி இறங்கிச் சொன்ன தகவல்களால் ஆனது. அவர்களுள் எத்தனை பேர் அவ்வெண்ணுக்குள்ளேயே அடங்கிப்போனார்களோ! சால்ஃபொன்டில் வீடு பார்த்துத் தர அவர்களுக்கு ஓர் எல்வுட் இல்லை.

நோய் தணிந்த பின் மில்டன் இலண்டன் திரும்பினார். 1666 செப்டம்பர் பெருந்தீயில் அவர் பிறந்த வீடு அழிந்தது, காவியம் தப்பியது. 1667 ஏப்ரலில் அச்சகத்தார் சாமுவேல் சிம்மன்ஸ் அதற்கு முன்பணமாகத் தந்தது ஐந்து பவுண்டு. 1674 நவம்பரில் மில்டன் மறைந்த பின், எஞ்சிய உரிமைகளுக்கெல்லாம் ஈடாக 1680இல் எலிசபெத் எட்டுப் பவுண்டு பெற்றுக்கொண்டார். மில்டன் வாழ்ந்த வீடுகளுள் இன்றும் நிற்பது சால்ஃபொன்ட் குடில் ஒன்றே. அதனைப் பொதுமக்கள் நிதி திரட்டி 1887இல் வாங்கினர். இப்போது அது ஓர் அருங்காட்சியகம்.

அக்குடிலைப் பற்றி எழுதுவோர் அங்கே நிறைவுற்ற காவியத்தை முதலில் சொல்வது இயல்பே. நாம் அதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். எல்வுட் வீடு தேடியபோது அந்தக் காவியத்தை அவர் படித்திருக்கவில்லை. அப்படியொன்று இருப்பதை அறிந்திருந்தார் என்பதற்கும் சான்றில்லை. தமக்கு இலத்தீன் சொல்லித்தந்த ஒரு கண்ணில்லாப் பெரியவர் ஊர்விட்டு ஊர் வர இடம் கேட்டார். அதற்காகவே அவர் வீடு தேடினார்.