பயிற்றுநரின் ஒரு சொல்

விளையாட்டு வரலாற்றில் வீரனுக்கென்று ஓர் ஏடு உண்டு. அவன் பெற்ற ஓட்டங்கள் எத்தனை, வீழ்த்திய விக்கெட்டுகள் எத்தனை என்பனவெல்லாம் அதிற் பதிவாகிக் காலங்கடந்தும் நிற்கும். அவனைப் பயிற்றியவருக்கோ அத்தகைய ஏடு இல்லை. பள்ளிப் பயிற்றுநர் ஒருவரின் பணியை அளக்க விரும்புவோர் அவருடைய மாணாக்கரின் ஏடுகளையே புரட்டிப் பார்த்தல் வேண்டும். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் துடுப்பாட்டப் பயிற்றுநராக விளங்கிய திரு. சுனில் பெர்னாண்டோ அவர்கள், பதினான்கு வயது மாணவன் ஒருவனுக்குக் கூறிய ஒரு சொல்லைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அச்சொல் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். கண்டியின் பெருங் கல்லூரிகள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியவை. புனித அந்தோனியார் கல்லூரி 1854ஆம் ஆண்டிலும், திரித்துவக் கல்லூரி 1872ஆம் ஆண்டிலும், தர்மராஜ கல்லூரி 1887ஆம் ஆண்டிலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891ஆம் ஆண்டிலும் நிறுவப்பெற்றன. இவை பாடத்தோடு விளையாட்டையும் கல்வியின் ஓர் அங்கமாகவே கொண்டன. இலங்கையில் இரு பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது ரக்பி ஆட்டம், 1906ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே கண்டியில் நடைபெற்றதேயாம். 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராயிருந்த பிரேசர் பாதிரியாரின் காலத்தில், அஸ்கிரியவில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி ஒரு மைதானம் அமைத்தனர். 1915ஆம் ஆண்டில் அது திறந்து வைக்கப்பெற்றது. அம்மைதானத்தின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம்.

இனி, அந்த மாணவன் யார் என்று காண்போம். 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவர் அவனுடைய பாட்டனார். தந்தையார் முத்தையா கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழிலை நடத்தினார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அப்பொழுது, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிறந்த மகன் முரளிதரனுக்கு வயது ஐந்து. அவனை ஒன்பதாம் வயதில் பெற்றோர் புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்த்தனர். பெனடிக்ற் சபைத் துறவியர் நிறுவிய அக்கல்லூரி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையின் அருகே அமைந்தது. பல இனத்து மாணவரும் ஒருங்கே பயின்ற அவ்விடத்தில், முரளிதரன் மித வேகப் பந்துவீச்சாளனாகவே தன் ஆட்டத்தைத் தொடங்கினான்.

அவனுக்குப் பதினான்கு வயதாயிற்று. வேகத்தை விட்டுச் சுழற்பந்து வீசுமாறு பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவனுக்கு அறிவுரை கூறினார்.

சொல்லளவில் இது சிறியது. பொருளளவில் மிகப் பெரியது. மித வேகப் பந்துவீச்சு ஓட்டத்தின் விசையையும் தோளின் வலிமையையும் நம்பியது. வலக்கைச் சுழற்பந்துவீச்சோ விரலையும் மணிக்கட்டையும், அவற்றினும் மேலாகப் பொறுமையையும் வேண்டுவது. வலக்கைத் துடுப்பாட்டக்காரரின் வலப்புறத்தே விழும் பந்து அவர் உடலை நோக்கி உட்புறமாகத் திரும்ப வேண்டும். இவ்வித்தை ஒரு மாதத்திற் படிவதன்று. பழைய வித்தையைக் கைவிட்டுப் புதியதைப் பழகும் மாணவன், இடைக்காலத்தில் அடிபடுவான். அவனுடைய அணியும் ஓட்டங்களை இழக்கும். இந்தப் பருவத்தின் வெற்றியை மட்டுமே கருதும் பயிற்றுநர் இத்தகைய அறிவுரையைக் கூறத் துணியார். கூறியவர் துணிந்தார்; கேட்டவனும் அதனை ஏற்றான். பயிற்றுநரின் கண்ணும் மாணவனின் நம்பிக்கையும் ஒன்றுபட்ட வேளை அது.

விளைவு விரைந்து வெளிப்பட்டது. முரளிதரன் நான்கு ஆண்டுகள் கல்லூரியின் முதல் அணியில் ஆடினான். இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, 1990-91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரனாகத் தெரிவு செய்யப்பெற்றான். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள் தொடங்கிய அவுஸ்திரேலியாவுக்கெதிரான டெஸ்ட் ஆட்டத்தில், கொழும்பு கெத்தாராமையில் இலங்கை அணிக்காகக் களமிறங்கினார்.

பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை சிறிது வளைந்தது. அதனை முற்றிலும் நீட்ட இயலாது. மணிக்கட்டோ வியக்கத்தக்க வண்ணம் நெகிழ்ந்து சுழல்வது. ஏனைய வலக்கைச் சுழற்பந்துவீச்சாளர் விரலாற் பெரிதும் சுழற்றுவதை அவர் மணிக்கட்டாலும் சுழற்றினார். பாடநூல் கூறும் வடிவத்துக்கு அடங்காத அந்த வீச்சு, கல்லூரியை விட்டு வெளிவந்தபோதும் அவரிடம் அவ்வாறே இருந்தது. இயற்கை தந்ததைக் கத்தரித்து ஒரே அச்சில் வார்க்காமல் வளரவிட்டதும் நற்பயிற்சியின் பாற்பட்டதே.

அவ்வீச்சுக்குச் சோதனையும் வந்தது. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், மெல்போர்ன் நகரில், நடுவர் டரல் ஹெயார் அவருடைய வீச்சை முறையற்றதெனக் கூறி ஏழு முறை தடுத்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய கை ஆராயப்பெற்றது. எறிவது போன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்ற முடிவு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளோ, உலகின் பந்துவீச்சாளர் மிகப் பலரின் முழங்கை வீசும்போது சிறிதேனும் நீள்கின்றது என்பதைப் புலப்படுத்தின. அதன் பயனாக 2005ஆம் ஆண்டில், யாவருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை என்ற எல்லை வகுக்கப்பெற்றது. ஒரு மாணவனின் கையைப் பற்றி எழுந்த வினா, உலகத்தின் விதியையே திருத்தி எழுதச் செய்தது.

இனி அஸ்கிரியவுக்குத் திரும்புவோம். 2002ஆம் ஆண்டு ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை முரளிதரன் வீழ்த்தியது அம்மைதானத்திலேதான். 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தம் 709ஆவது விக்கெட்டைப் பெற்று, ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்ததும் அங்கேதான். அந்தோனியார் கல்லூரியின் மாணவர், திரித்துவக் கல்லூரியின் மைதானத்தில், தாம் பிறந்த நகரத்து மக்கள் முன்னிலையில் உலகின் முதல்வரானார். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் இறுதி டெஸ்ட் ஆட்டமான காலி ஆட்டத்தில், 133ஆவது டெஸ்டில், 800ஆவது விக்கெட்டுடன் அவர் விடைபெற்றார்.

கண்டியில் இத்தகைய வழிகாட்டல் ஓரிடத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. பல விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்த குமார் சங்கக்காரவைத் துடுப்பாட்டத்தில் ஊன்றச் செய்யுமாறு அவருடைய தாயாருக்கு அறிவுரை கூறியவர், திரித்துவக் கல்லூரியின் அதிபர் லெனாட் டி அல்விஸ் ஆவார். உபானந்த ஜயசுந்தர, பெர்ட்டி விஜேசிங்க ஆகியோர் அவரைப் பயிற்றினர். அம்மாணவர் பின்னாளில் டெஸ்ட் ஆட்டங்களில் 12,400 ஓட்டங்களைக் குவித்தார். இங்கும் ஒரு சொல்லே திருப்பம். அதன்பின் வந்த உழைப்பு மாணவருடையது.

பாடசாலை அதிபராகப் பணியாற்றும் யான் இவற்றை ஒருங்கு வைத்து எண்ணுவதுண்டு. இன்று பயிற்றுநரின் தகுதியைப் பெரும்பாலோர் அவ்வாண்டுப் பெரும்போட்டியின் முடிவைக் கொண்டே அளக்கின்றனர். தோல்வியுற்றால் பழைய மாணவர் வினவுவர். மகனுக்கு அணியில் இடம் இல்லையெனில் பெற்றோர் வினவுவர். இந்நெருக்கடியில், பதினான்கு வயதுச் சிறுவனிடம் ‘இதை விடு, அதைப் பழகு’ என்று சொல்லிக் காத்திருக்கப் பயிற்றுநருக்குக் காலம் எங்கே? ஒரு பருவத்து வெற்றிக்காக, சிறுவனை அவனுக்குப் பொருந்தாத வித்தையிலேயே கட்டிவைப்போமாயின், இழப்பு அவனுக்கு மட்டுமன்று, நாட்டுக்குமாம்.

ஆகவே பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை உங்கள் பாடசாலைப் பயிற்றுநரைச் சந்திக்கும்பொழுது, எத்தனை ஆட்டங்கள் வென்றீர் என்று கேட்பதற்கு முன், இப்பிள்ளைகளிடம் என்ன கண்டீர் என்று கேளுங்கள். அவர் கூறும் விடையைப் பொறுமையோடு செவிமடுத்து, அது பலிப்பதற்கு வேண்டிய ஆண்டுகளையும் அவருக்கு அளியுங்கள்.