ஊகத்தை எண்ணிப் பார்த்த நிருபர்: பிலிப் மேயர்

2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது நான் ஒரு பத்திரிகைக்குப் பிராந்திய நிருபராக இருந்தேன். ஊரடங்கு தளர்ந்ததும் போய்ப் பார்த்தேன். கரிந்துபோன கடைகளின் முன்னால் நின்ற பலரும் ஒரே விடயத்தைத்தான் சொன்னார்கள்: "வந்தவங்க எல்லாம் வெளியூர் ஆக்கள். பஸ்ஸில கொண்டுவந்து இறக்கினாங்க." அதை அப்படியே எழுதி அனுப்பினேன், மறுநாள் வெளிவந்தது.

ஒரு முதியவர் மட்டும் வேறொன்று சொன்னார். "அதுல ரெண்டு பேர் என்ட கடையில கடனுக்குச் சாமான் வாங்குற ஆக்கள், மகன்." அதை நான் எழுதவில்லை. ஊர் முழுவதும் சொன்ன கதைக்கு அது பொருந்தவில்லை என்பதே காரணம். பஸ்ஸைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர், பிறர் சொல்லக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எவரிடமும் நான் கேட்கவும் இல்லை. ஊர்க்காரர் சொன்னது பொய் என்று இன்றும் நான் சொல்ல வரவில்லை. உண்மையா என்று பார்க்காமலே எழுதினேன் என்பதே என் குற்றம்.

இந்தக் குற்றத்துக்கு ஊடகத்துறையில் ஒரு மருந்து இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில், இளம் நிருபர்களுக்கு வார இறுதி வகுப்புகள் எடுக்கத் தொடங்கிய பிறகே அறிந்துகொண்டேன். அந்த மருந்தை எழுதித் தந்தவர் பிலிப் மேயர். அமெரிக்காவில் பத்திரிகை நிருபராக இருந்து, பின்னர் இதழியல் பேராசிரியரானவர். 2023 நவம்பரில் தனது 93ஆவது வயதில் காலமானார். எமது ஊடக வட்டாரங்களில் அவரது பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அவரிடமிருந்து அதிகம் கற்க வேண்டியவர்கள் எம்மைப் போன்ற சிறுபான்மைச் சமூகங்களே.

மேயர் 1930 ஒக்டோபர் 27ஆம் திகதி நெப்ராஸ்கா மாநிலத்தின் டெஷ்லர் என்ற சிற்றூரில் பிறந்தார். பக்கத்து மாநிலமான கன்சாஸில் வளர்ந்து, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். டொபீகா நகரப் பத்திரிகை ஒன்றில் பணியாற்றிய பின்னர், நோர்த் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்றார். அதன்பின் மியாமி ஹெரால்ட் பத்திரிகையில் நிருபரானார். 1962இல் நைட் பத்திரிகைக் குழுமத்தின் வாஷிங்டன் நிருபராகச் சென்றார். அதுவரை அவரது வாழ்க்கை மற்ற நிருபர்களின் வாழ்க்கை போன்றதே: குறிப்புப் புத்தகம், தொலைபேசி, முடிவுநேரம்.

திருப்பம் 1966இல் வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அனுபவமுள்ள ஊடகவியலாளர்களுக்கு ஓராண்டு கற்கும் வாய்ப்பை நீமன் புலமைப்பரிசில் மூலம் வழங்குகிறது. அது மேயருக்குக் கிடைத்தது. அவர் அந்த ஆண்டைச் சமூக விஞ்ஞானிகளோடு கழித்தார். மாதிரி எடுப்பது எப்படி, கேள்விக்கொத்து அமைப்பது எப்படி, புள்ளிவிபரத்தைக் கணினியில் இட்டுப் பகுப்பது எப்படி என்று கற்றார். ஓர் அறை முழுவதையும் அடைக்கும் கணினிகள் இருந்த காலம் அது. செய்தியாளருக்கு இது எதற்கு என்று பலரும் கேட்கக்கூடிய படிப்பு. அதற்கு விடை சொல்ல அவருக்கு அதிக நாள் எடுக்கவில்லை.

1967 ஜூலை 23ஆம் திகதி அதிகாலை, டெட்ரோயிட் நகரின் 12ஆம் வீதியில் அனுமதியின்றி இயங்கிய மதுச்சாலை ஒன்றைப் பொலிஸார் சுற்றிவளைத்தனர். கறுப்பின மக்கள் வாழும் பகுதி அது. கூட்டம் திரண்டது, கல் பறந்தது, கடைகள் எரிந்தன. சில நாட்களில் 43 பேர் மாண்டனர். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். 7,000க்கும் அதிகமானோர் கைதாகினர். நகருக்குள் இராணுவம் இறங்கியது. நைட் குழுமத்தின் டெட்ரோயிட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகைக்கு உதவ மேயர் அனுப்பப்பட்டார்.

நெருப்பு அணைவதற்குள்ளேயே விளக்கங்கள் வந்துவிட்டன. ஒரு சாரார், கலவரம் செய்தவர்கள் படிப்பும் தொழிலும் இல்லாத அடிமட்டத்துக் காடையர்கள் என்றனர். இன்னொரு சாரார், தென்மாநிலங்களிலிருந்து அண்மையில் குடிபெயர்ந்து, வடக்கின் நகர வாழ்வுக்குப் பழகாதவர்களே இதைச் செய்தார்கள் என்றனர். இரண்டும் கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தன. இரண்டும் நகரத்தையும் அதன் நிர்வாகத்தையும் குற்றத்திலிருந்து தப்பவைத்தன. இரண்டையும் எவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

மேயர் பரிசோதிக்கலாம் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, கலவரம் நடந்த பகுதிகளில் வீடுகள் எழுந்தமானமாகத் தெரிவு செய்யப்பட்டன. கேள்வி கேட்கச் சென்றவர்கள் கறுப்பினத்தவர்களே; அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி வழங்கப்பட்டது. பதில் சொல்பவரின் பெயர் வெளிவராது என்ற உத்தரவாதம் கொடுக்கப்பட்டது. 437 பேர் பதிலளித்தனர். அவர்களிடம் கலவரத்தில் பங்குபற்றினீர்களா என்றே நேரடியாகக் கேட்கப்பட்டது. பதில்கள் கணினியில் ஏற்றப்பட்டன. கலவரம் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் முடிவுகள் பத்திரிகையில் வெளிவந்தன. ஆய்வுலகில் இத்தகைய வேலைக்கு வருடங்கள் எடுப்பதுண்டு.

437 பேரைக் கேட்டு ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் அல்லவா? கந்தூரிக்கு ஆக்கிய சட்டியை நன்றாகக் கிளறிவிட்டு ஒரு அகப்பை எடுத்தால் முழுச் சட்டியின் உப்பும் தெரியும். கிளறாமல் மேலே மட்டும் எடுத்தால் எத்தனை அகப்பை எடுத்தாலும் தெரியாது. எழுந்தமானத் தெரிவு என்பது அந்தக் கிளறல்தான். நான் திகனவில் பேசியவர்கள், தாமாக முன்வந்து பேசியவர்கள் மட்டுமே. சட்டியின் மேற்பரப்பு.

டெட்ரோயிட்டில் கிடைத்த முடிவு இரு விளக்கங்களையும் கவிழ்த்தது. பாடசாலையை இடைநடுவில் விட்டவர்களுக்கு நிகராகக் கல்லூரி சென்றவர்களும் பங்குபற்றியிருந்தார்கள். தெற்கில் வளர்ந்து வந்தவர்களைவிட வடக்கிலேயே வளர்ந்தவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஈடுபட்டிருந்தார்கள். மனக்குறைகளைக் கேட்டபோது பொலிஸாரின் கொடுமை, நெருக்கடியான குடியிருப்பு, மோசமான வீடுகள், தொழிலின்மை என்பன முன்னுக்கு வந்தன. அதாவது, அது அந்நகரமே பெற்றெடுத்த கோபம். அதே பத்திரிகையின் நிருபர்கள் 43 மரணங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்து, அவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கப்பட்டிருக்கக்கூடியவை என்று எழுதினர். கலவரம் பற்றிய இப்பணிகளுக்காக ஃப்ரீ பிரஸ் 1968இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இந்த அனுபவத்தை மேயர் 1973இல் நூலாக்கினார். 'துல்லிய இதழியல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நிருபர்களுக்குச் சமூக விஞ்ஞான முறைகளை அறிமுகம் செய்யும் அந்நூல் நான்கு பதிப்புகள் கண்டது. அதன் சாரம் எளிமையானது. இரு தரப்பும் சொன்னதை அருகருகே போட்டுவிட்டு நடுநிலை என்று ஒதுங்குவது போதாது. நடுநிலை முடிவில் அல்ல, முறையில் இருக்க வேண்டும். ஒரு கூற்றைச் சோதிக்கும் வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள். சோதனை உனக்குப் பிடிக்காத விடையைத் தந்தாலும் அதையே எழுது. பிறர் சரிபார்க்கும் வகையில் வழியையும் வெளியே வை.

ஏறத்தாழ அதே காலத்தில் பிலடெல்பியாவின் இரு நிருபர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வன்முறைக் குற்ற வழக்குகளின் பதிவேடுகளைத் திரட்டி, நீதிமன்றங்கள் எப்படித் தண்டனை வழங்குகின்றன என்று ஆராய்ந்தார்கள். அவற்றைக் கணினியில் பகுத்துப் பார்க்க மேயர் துணைநின்றார். இன்று 'தரவு இதழியல்' என்று நாம் அழைக்கும் துறையின் வேர்கள் இங்கேதான் இருக்கின்றன.

1981இல் அவர் செய்தி அறையை விட்டு நோர்த் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் செப்பல் ஹில் வளாகத்துக்கு ஆசிரியராகச் சென்றார். 2008 வரை அங்கே கற்பித்தார். தகவல் அரிதாக இருந்த காலத்தில் ஓடித் தேடிக் கொண்டுவருவதே நிருபரின் வேலையாக இருந்தது. தகவல் பெருகிவிட்ட காலத்தில் அதைப் பகுத்துப் பொருள் சொல்வதும் அவரது வேலையாகிவிட்டது என்பதே அவரது வாதம். அமெரிக்கப் புலனாய்வு ஊடகவியலாளர் அமைப்பு இத்தகைய பணிகளுக்கு வருடாந்தம் வழங்கும் விருது அவரது பெயரையே தாங்கியிருக்கிறது.

2004இல் வெளிவந்த அவரது 'மறைந்துவரும் பத்திரிகை' என்ற கருத்துடைய தலைப்பிலான நூல், பத்திரிகை முதலாளிகளுக்குக் கசப்பானது. வாசகர் வீழ்ச்சிக் கோட்டை அப்படியே நீட்டினால் 2043இல் அது பூச்சியத்தைத் தொடும் என்று அதில் காட்டினார். பலரும் அதைச் சோதிடமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் சொல்ல வந்தது வேறு. ஒரு பத்திரிகை உண்மையில் விற்பது தன் மீதான நம்பிக்கையை. நிருபர்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிப்பவர், வருங்கால நம்பிக்கையை இன்றே விற்றுத் தின்கிறார்.

இதெல்லாம் எமக்கு ஏன்? மூன்று உதாரணங்கள் போதும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி, உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 2019 மே மாதத்தில், ஒரு வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று புலனாய்வாளர்களே பின்னர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். மேயரின் மாணவர் ஒருவர் அந்த ஆசிரிய பீடத்தில் இருந்திருந்தால், அச்சுக்குப் போகுமுன் கேட்டிருப்பார்: அவர் செய்த சிசேரியன் சத்திரசிகிச்சைகள் எத்தனை? அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் மீண்டும் கருவுற்றார்கள்? அதே வைத்தியசாலையின் மற்ற வைத்தியர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உண்டா?

மூன்றாவது, முஸ்லிம்கள் விரைவில் நாட்டைப் பிடித்துவிடுவார்கள் என்ற பழைய பல்லவி. குடிசன மதிப்பீட்டின்படி இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 1981இல் 7.6 சதவீதம், 2012இல் 9.7 சதவீதம். 31 ஆண்டுகளில் கூடியது ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளிகள். இந்த இலக்கங்கள் எவரும் பார்க்கக்கூடியவை. பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆனால் இந்த உரைகல்லைப் பிறர் மீது மட்டும் உரசினால் அது நீதியாகாது. எமது வட்ஸ்அப் குழுக்களில் நாமும் சரிபாராமல் பரப்பிய கதைகள் எத்தனை? எமது இளைஞர்களின் போதைப் பழக்கம், இளவயதுத் திருமணம், மகளிரின் கல்வி பற்றியெல்லாம் மேடையில் முழங்குகிறோம். ஓர் ஊரிலேனும் வீடு வீடாகச் சென்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் கற்ற எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஆசிரியர்தான் குறைவு.

இலக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. பிழையான கேள்வி பிழையான இலக்கத்தைத் தரும். எரிந்த கடையின் முன் நிற்பவரின் முகத்தை எந்த அட்டவணையும் காட்டாது. அந்த முகத்தை எழுதுவது நிருபரின் கடமை. அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதும் அதே கடமையின் மறுபாதி.

அந்த முதியவர் சொன்னதை நான் அன்று பின்தொடர்ந்திருந்தால், கடனுக்குச் சாமான் வாங்கியவன் ஏன் தீ வைக்க வந்தான் என்ற கேள்விக்குப் போயிருப்பேன். வெளியூர் பஸ் என்ற விடை, அந்தக் கேள்வியைக் கேட்கும் அவசியத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றியது, அயலவரையும், எம்மையும். டெட்ரோயிட்டில் தென்மாநிலத்தான் என்ற விடை செய்த அதே வேலை.

இப்போது எனது வகுப்பின் முதல் நாளில் கரும்பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதுகிறேன். செய்தி சொல்ல வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதிலைக் குறித்து, எண்ணிக்கொள்ளச் சொல்கிறேன்: "நீங்கள் கண்டீர்களா, கேட்டீர்களா?"