நடுவுல ஒருத்தர் வேணும்!

1905. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். டுபாண்டுக்கு உடம்பு சரியில்லை, ஊர் திரும்ப அவசரம். வின்சென்ட் வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

டூரிங் டாக்கீஸ் என்று சொல்ல முடியாது. அதில் 'டாக்' கிடையாதே! எல்லாம் ஊமைப்படம். அந்தக் காலக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு உரக்கக் கதை சொல்வார். அவர் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்றால் படமே புரியாது. இன்று ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிற ஆசாமி இவர்தான்.

திருச்சி காட்டூரில் சொந்த வீடு கட்டிக் குடிபோன நண்பர் ஒருவர், போனஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "5.1 வாங்கவா சார், 7.1 வாங்கவா?" பத்துக்குப் பதினாலு ஹால். சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கிறது. ஏற்கெனவே இருந்த செட்டில் வசனம் வந்தால் அவர் அம்மா, "என்னடா சொன்னான்?" என்பார். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் குண்டு வெடித்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இந்தத் தலைவலிக்கு வயது தொண்ணூறுக்கு மேல்.

1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளியாகி, தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. அதே வருடம் டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லின் என்ற இளம் இன்ஜினீயர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மனைவியோடு சினிமாவுக்குப் போனவருக்கு ஓர் எரிச்சல்: நடிகர் திரையில் இடமிருந்து வலம் நடக்கிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே! ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே, மேளச் சத்தத்தை வைத்து 'சாமி சித்திரை வீதி திரும்பிடுச்சு' என்பார்கள் இல்லையா? இரண்டு காதும் சேர்ந்து போடுகிற கணக்கு அது. அந்தக் கணக்கைத்தான் ப்ளூம்லின் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஸ்டீரியோ பிறந்தது.

ஆனால் இரண்டு ஸ்பீக்கரில் ஒரு வில்லங்கம் உண்டு. நட்டநடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் குரல் நடுவிலிருந்து வரும். ஓரத்தில் உட்கார்ந்த மாமாவுக்கு, பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர்தான் பேசும். முதலில் வந்து சேரும் சத்தம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் காது சாயும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதற்கு வழி கண்டார்கள். 1933 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. வாஷிங்டனில் ஜனங்கள் கேட்டார்கள். நடுவே தொலைபேசிக் கம்பி. மேடையில் வாத்தியக்காரர்களுக்குப் பதிலாக ஸ்பீக்கர்கள்... இடது, வலது, நடு. மூன்று! ஆக, பின்னால் ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்ற ஆசைக்கு முன்பே நடு ஸ்பீக்கர் வந்துவிட்டது.

பின்பக்கத்து ஆசையைக் கிளப்பியவர் வால்ட் டிஸ்னி. 1940-ல் 'ஃபேன்டேஸியா' படத்துக்கு ரசிகர்களைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்தார். செலவு தாங்கவில்லை, யுத்தமும் வந்தது. விரல்விட்டு எண்ணும் தியேட்டர்களோடு சரி. 1979-ல் 'அபோகலிப்ஸ் நவ்' ஹெலிகாப்டர்கள் பார்வையாளர் தலையைச் சுற்றிப் பறந்தன. முன்னால் மூன்று, பின்னால் இடமும் வலமுமாக இரண்டு, அடிவயிற்றை அதிரவைக்கும் முழக்கத்துக்குத் தனியாக ஒன்று. இன்றைய 5.1 இதேதான். அந்தப் புள்ளி ஒன்று, வெறும் அதிர்வுக்கான சப்-ஊஃபர்.

நம் ஊரில்? 1986-ல் ரஜினியின் 'மாவீரன்' 70 எம்.எம்., ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-ல் கமலின் 'குருதிப்புனல்' டால்பியில். 1996-ல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ்-ஸில். அப்புறம் சின்ன ஊர் போஸ்டரில்கூட ஹீரோ பெயருக்குச் சமமாக 'டி.டி.எஸ்.' என்று போட ஆரம்பித்தார்கள். அந்த மோகம்தான் வீட்டுக்குள் வந்து, 'ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொண்டு நின்றது. பி.எம்.பி.ஓ. என்பது சுத்த ரீல். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள், ஆயிரம் சட்டென்று இளைத்துப்போகும்.

சரி, காட்டூருக்கு வருவோம். 7.1-ல் கூடுதலாக வரும் இரண்டும் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியவை. நண்பரின் சோபாவுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டிலா வைப்பது? 5.1 போதும். அதையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. காசு குறைவென்றால் முன்னால் மூன்று, ஒரு சப்-ஊஃபர், இவற்றை நல்லதாக வாங்கிவிட்டு, பின்னால் உள்ள ஜோடியை அடுத்த போனஸுக்கு விடலாம். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. தியேட்டரில் அது திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். திரையில் பொடிப்பொடியாக ஓட்டைகள் உண்டு. வீட்டில் டிவிக்கு நேர் கீழே வைத்து, முகம் நம் காதைப் பார்க்கும்படி லேசாக நிமிர்த்தவும். செட்டிங்கில் இதன் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டினாலே போதும், அம்மாவின் பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

இடதும் வலதும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம். பின்ஜோடி என்கிறோமே தவிர, அவை பக்கச்சுவரில், காதுக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் மேலே இருந்தால் சரி. டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும் எதிரொலிக்கும். வசனம் குழறுவதற்கு அதுவும் காரணம். ஒரு ஜமுக்காளம், கனமான திரைச்சீலை. ஸ்பீக்கரைவிட மலிவு!

சப்-ஊஃபர்தான் ரகளைக்காரர். 40 ஹெர்ட்ஸ் முழக்கத்தின் ஒரு அலை 28 அடி நீளம். பதினாலு அடி ஹாலுக்குள் அது எங்கே அடங்கும்? சுவரைத் தாண்டிப் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகளில் இருப்பவர்கள் ராத்திரி அதை அணைத்துவிடுவது உத்தமம். மூலையில் வைத்தால் முழக்கம் இன்னும் ஏறும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. சப்-ஊஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். தாரை தப்பட்டைப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து ஹாலைச் சுற்றுங்கள். எந்த இடத்தில் அதிர்வு தெளிவாக, இரைச்சலில்லாமல் கேட்கிறதோ, சப்-ஊஃபருக்கு அதுதான் இடம்.

தவழும்போது வாசல் கதவைச் சாத்திக்கொள்ளவும்.