பழைய வீட்டுக் கணினியும் மாற்றுப் பணிசெயல் முறைமையும்

1914ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டுப் பெரும்புயல் வரை, கொழும்பிலிருந்து சென்னை செல்வோர் தலைமன்னார் இறங்குதுறையிலே புகைவண்டியை விட்டிறங்கிக் கப்பலேறித் தனுஷ்கோடியை அடைவர். இக்கரையில் அகலப்பாதை, அக்கரையில் மீற்றர்ப்பாதை. ஒரு கரையின் வண்டி மறுகரைத் தண்டவாளத்தில் ஓடாது. எனினும் இரு துறைகளும் இருந்தமையாற் பயணம் தடைப்படவில்லை. கணினி வரலாற்றிலும் இத்தகையதொரு துறை அமைக்கப்பட்டதுண்டு.

அதனை அமைத்தவர் அமெரிக்கரான கரி கில்டால். 1974இல் அவர் ஆக்கிப் பின்னர் செப்பனிட்ட சீ.பீ.எம். என்னும் பணிசெயல் முறைமையிலே, பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதி தனியே பிரித்து வைக்கப்பட்டது. அச்சிறு பகுதியை மாத்திரம் திருத்தி எழுதினால், அம்முறைமைக்கென எழுந்த செய்நிரல்கள் வேறொரு பொறியிலும் இயங்கும். நம் நாட்டிலும் அதன் சுவடு உண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளாக், 1983இல் அமெரிக்காவிலிருந்த திரைப்பட நெறியாளர் பீற்றர் ஹயம்சுடன் மடல்கள் பரிமாறியது, இம்முறைமையில் இயங்கிய கேப்ரோ கணினி வாயிலாகவே.

வீட்டுக் கணினிகளோ இத்துறையை எளிதில் அணுகவில்லை. 1982இல் வெளிவந்த சிங்கிளயர் ஸ்பெக்ரம், சீ.பீ.எம்முக்கு உகந்த இசட் 80 செயலியையே கொண்டிருந்தது. ஆயினும் அம்முறைமை நினைவகத்தின் தொடக்கத்தில் எழுதத்தக்க இடத்தை வேண்டி நிற்க, அவ்விடத்தை அழியா நினைவகத்திற் பதித்த பேசிக் மொழி பிடித்துக்கொண்டது. 1987இல் வந்த பிளஸ் 3 என்னும் வகையிலேதான் அத்தடை நீங்கிற்று. அதே 1982இன் கொமடோர் 64க்கு இசட் 80 செயலி பொருந்திய செருகுபெட்டி விற்கப்பட்டது. ஆனால் அதன் வட்டியக்கி, கேப்ரோவின் வட்டை வாசிக்காது. கப்பல் வந்தும் துறையில் ஆழமில்லாத கதைதான்!

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த கொமடோர் 64 ஒன்றுக்கு எம்முறைமை ஏற்றதென மன்னார் மாணவர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். இணைய வலையிற் சேர்வதே நோக்கமாயின், சுவீடன் நாட்டவரான அடம் டங்கெல்ஸ் 2003இல் வெளியிட்ட கொன்ரிக்கி உண்டு. அவர் விரும்பியதோ தமிழில் எழுதுதல். அதற்கு 1986இல் பேர்க்கிலி சொப்ற்வேர்க்ஸ் வெளியிட்ட ஜியோஸ் முறைமையையே யான் கூறினேன். எழுத்துகளைப் புள்ளிப் படங்களாகத் திரையில் வரைவது அது. பொறியின் இயல்பான எழுத்துக் கட்டத்தின் எட்டுப்புள்ளி அகலத்துள் ‘ண’ அடங்க மறுக்கும். ஜியோஸில் வேண்டிய அகலம் கொடுக்கலாம். குறிகளின் தொகை நூற்றுக்கும் குறைவாதலின், தட்டச்சுப் பொறியிற்போல அரவையும் கொம்பையும் தனித்தனியே வைத்தல் வேண்டும். வேகம் குறைவு, வட்டு மாற்றும் தொல்லையும் உண்டு. அம்மாணவர் இதுவரை மெய்யெழுத்துப் பதினெட்டையும் வரைந்துள்ளார். அரவும் கொம்பும் எஞ்சியுள்ளன.