மஞ்சள் கருவும் மஞ்சள் காலும்: ஒரு கோழிக் கணக்கின் வரலாறு

நாட்டுக்கோழி முட்டைன்னா மஞ்சள் கரு நல்லா ஆரஞ்சு கலர்ல இருக்கணும், பண்ணை முட்டைன்னா வெளிறிப் போயிருக்கும், அந்த நிறத்துலதான் சத்து இருக்கு. நம் ஊரில் அதிகம் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை இது. ஒரு முட்டைக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க வைக்கும் நம்பிக்கையும்கூட.

அந்த நிறம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பது நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1911-லிருந்து 1922-க்குள், பத்துப் பன்னிரண்டு வருடங்களில், அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் இருந்த சிலர் அதைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் முதலில் இறங்கியவர்கள் மஞ்சள் கருவைத் தேடிப் போகவே இல்லை. முட்டையே விடாமல் சும்மா தின்றுகொண்டிருக்கும் கோழியைக் கண்டுபிடிக்கத்தான் போனார்கள்.

எந்தக் கோழி சோம்பேறி?

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1910 வாக்கில் ஒரு சாதாரண அமெரிக்கப் பண்ணைக் கோழி வருடத்துக்கு 100 முட்டை விட்டாலே பெரிய விஷயம். ஆனால் இது சராசரிதான். அதே கொட்டகையில் 200 முட்டை விடும் கோழியும் இருக்கும், 30 விடும் கோழியும் இருக்கும். 1913-இல் ஓரிகன் வேளாண் கல்லூரியில் ஜேம்ஸ் டிரைடன் வளர்த்த ஒரு கோழி ஒரே வருடத்தில் 303 முட்டை விட்டது. பதிவேட்டில் அதன் பெயர் சி 521. அப்படியென்றால் ஆள் ஆளுக்கு இவ்வளவு வித்தியாசம். ஆனால் எது எந்த ரகம் என்று எப்படித் தெரியும்?

ஒரு வழி இருந்தது. கோழி உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்ளும் பொறிக்கூடு. முட்டை விட்ட கோழியை ஒருவர் கையால் எடுத்து, கால் வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வெளியே விட வேண்டும். ஒரு நாளைக்குப் பலமுறை, வருடம் முழுக்க. ஆராய்ச்சி நிலையத்துக்குச் சரி. வீட்டுக்கொல்லையில் நாற்பது கோழி வைத்திருக்கும் குடியானவர் இதைச் செய்துகொண்டிருக்க முடியுமா?

கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டார்ஸ் என்ற ஊரில் இருந்த வேளாண் கல்லூரி 1911-இல் முட்டையிடும் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பல ஊர்க்காரர்கள் அனுப்பிய கோழிகளை ஒரே இடத்தில், ஒரே தீவனத்தில் வளர்த்து, பொறிக்கூடு வைத்து ஒவ்வொன்றுக்கும் கணக்கெழுதும் போட்டி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே இருந்த ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ என்ற தாவரவியலாளரும் டி.ஈ. வார்னரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வெள்ளை லெகார்ன் மாதிரி மஞ்சள் தோல் உள்ள இனங்களில், நிறைய முட்டை விட்ட கோழிக்கு அலகும் காலும் காது மடலும் வெளுத்திருந்தன. சும்மா இருந்த கோழிக்கோ அவை பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. பார்வைக்கு அழகாக, ஆரோக்கியமாகத் தெரிந்த மஞ்சள்கால் கோழிதான் சோம்பேறி!

பிளேக்ஸ்லீ இதை வெறும் கண்மதிப்பாக விடவில்லை. மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் அப்போது ஒரு வண்ணப் பம்பரம் விற்றுக்கொண்டிருந்தது. அதில் மஞ்சள், வெள்ளை போன்ற நிறத் தட்டுகளைத் தேவையான அளவு தெரியும்படி வைத்துச் சுற்றினால் நிறங்கள் கலந்து தெரியும். சுற்றும் பம்பரத்தின் நிறத்தைக் கோழியின் காது மடல் நிறத்தோடு பொருத்திப் பார்த்து, இதில் இத்தனை சதவீதம் மஞ்சள் என்று எண்ணாக எழுதினார்கள். பிறகு அந்த எண்ணை முட்டைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். 1915-இல் முதல் கட்டுரை வந்தது. (பிளேக்ஸ்லீ பின்னாளில் பெயர் வாங்கியது கோழியால் அல்ல, ஊமத்தைச் செடியின் மரபியலால்.)

வெளுக்கும் வரிசை

இந்த மஞ்சள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போவதில்லை. முட்டையிடத் தொடங்கிய சில நாட்களிலேயே முட்டை வரும் துவாரத்தைச் சுற்றியுள்ள தோல் வெளுக்கும். அடுத்து கண்ணைச் சுற்றியுள்ள வளையம், பிறகு காது மடல். அதன்பின் அலகு, அடியிலிருந்து நுனி நோக்கி வெளுத்துக்கொண்டே வரும். இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கடைசியாகக் கால். அது முழுக்க வெளுக்க நாலைந்து மாதம் தொடர்ந்து முட்டை விட்டிருக்க வேண்டும்.

முட்டை நின்றதும் மஞ்சள் திரும்ப வரும், அதே வரிசையில். ஆக, அலகின் அடியில் மஞ்சள் ஏறியிருக்கிறது, நுனி மட்டும் வெள்ளை என்றால், இந்தக் கோழி சில வாரங்களுக்கு முன்பு முட்டையை நிறுத்திவிட்டது என்று பொருள். கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தே அதன் கடந்த சில மாத வரவு செலவைப் படித்துவிடலாம்.

ஏப்ரல் 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. தானியத்தை மிச்சம் பிடிப்பது தேசக் கடமையானது. ஸ்டார்ஸ்காரர்கள் கண்ட இந்த முறை வேளாண் விரிவாக்க ஊழியர்கள் வழியாகக் கிராமம் கிராமமாகப் போனது. கோழியைத் தூக்கிப் பார், கால் மஞ்சளாக இருந்தால் குழம்புக்கு, வெளுத்திருந்தால் கூண்டுக்கு. இதில் உயிர் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால், அதுவரை லட்சணமான கோழி என்று பெயர் வாங்கியதற்குத்தான்.

மஞ்சள் எங்கே போயிற்று?

சரி, காலில் இருந்த மஞ்சள் எங்கே போகிறது? பதில் முட்டைக்குள் இருக்கிறது.

1912-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், தன் மாணவர் எஷருடன் சேர்ந்து முட்டை மஞ்சள் கருவிலிருந்து அதன் நிறமியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அது இலைகளில் இருக்கும் மஞ்சள் நிறமியான சாந்தோஃபில் வகையைச் சேர்ந்தது. இன்று லூட்டின் என்று நாம் சொல்வது அதைத்தான். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1915-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோழியால் இந்த நிறமியைத் தன் உடம்பில் உருவாக்க முடியாது. மஞ்சள் மக்காச்சோளம், புல், கீரை என்று தின்றதிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மஞ்சள் கரு கடைசிக் கட்டத்தில் மளமளவென்று வளர்வதற்குச் சுமார் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கொழுப்பும் நிறமியும் அதில் படிகின்றன. முட்டை வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது தின்கிற நிறமியெல்லாம் நேராகக் கருவுக்குப் போய்விடுகிறது. தோலுக்குப் புதிதாக வருவதில்லை. பழைய தோல் தேயத் தேயக் கால் வெளுக்கிறது. முட்டை நின்றால் அதே நிறமி தோலுக்குத் திரும்புகிறது.

இதை உறுதிப்படுத்தியவர்கள் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் லீராய் பாமரும் ஹாரி கெம்ப்ஸ்டரும். பாமர் அதற்கு முன்பு பசு வெண்ணெயின் மஞ்சள் புல்லிலிருந்து வருவதை ஆராய்ந்தவர். 1919-இல் இவர்கள் வெளியிட்ட சோதனைதான் இந்தக் கதையின் உச்சம். வெள்ளை லெகார்ன் குஞ்சுகளைப் பொரித்த நாளிலிருந்தே மஞ்சள் நிறமி இல்லாத தீவனத்தில் வளர்த்தார்கள். வெள்ளை மக்காச்சோளம், ஆடை எடுத்த பால், கூடவே கொஞ்சம் பன்றி ஈரல். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன, ஆனால் காலில் மஞ்சள் இல்லை. பருவத்துக்கு வந்து முட்டை விட்டன. உடைத்துப் பார்த்தால் கருவில் நிறமே இல்லை. அந்த முட்டைகளை அடை வைத்தார்கள். குஞ்சு பொரித்தது!

நிறமில்லாத கருவிலிருந்து உயிர் வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த நிறம் முட்டையின் உயிர்ச்சத்து கிடையாது.

நிறமும் சத்தும்

அதே 1919-இல் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக் இதற்கு நேரெதிராக ஒன்றைச் சொன்னார். மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் தேறுகின்றன, வெள்ளை மக்காச்சோளம் தின்றவை தேறவில்லை. ஆகவே இன்று வைட்டமின் ஏ எனப்படும் சத்துக்கும் மஞ்சள் நிறமிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். ஒருவர் நிறம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் கோழிகளே சாட்சி, வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும்தான். 1930 வாக்கில் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் முடிச்சை அவிழ்த்தார். கேரட்டில் இருக்கும் கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. மாறிய பிறகு அந்த வைட்டமினுக்கு அனேகமாக நிறமே இல்லை. பாமரின் கோழிகளைக் காப்பாற்றியது ஈரலில் இருந்த, நிறமற்ற வைட்டமின் ஏ. நம் வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பசு நெய் மஞ்சள், எருமை நெய் வெள்ளை. எருமை கரோட்டினை முழுக்க மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. மஞ்சள் கருவுக்கு முக்கியமாக நிறம் கொடுக்கும் லூட்டினும் ஸியாசாந்தினும் வைட்டமின் ஏ-வாக மாறுவதில்லை. ஆகவே ஆரஞ்சுக் கருவைப் பார்த்து வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது என்று முடிவுகட்ட வழியில்லை. அதற்காக நிறத்தால் எந்தப் பயனுமே இல்லை என்றும் சொல்லக்கூடாது. நம் விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியிலும் இதே இரண்டு நிறமிகள்தான் இருக்கின்றன. கரு இயல்பாக மஞ்சளாக இருந்தால் அவை கிடைக்கும். புரதம், கொழுப்பு பற்றி மட்டும் நிறம் வாயே திறக்காது.

மஞ்சள் கால் யார் கொடுத்தது?

ஸ்டார்ஸ் முறை மஞ்சள் தோல் இனங்களுக்குத்தான் பொருந்தும். வெள்ளைத்தோல், கருங்கால் கோழிகளிடம் பலிக்காது. அந்த மஞ்சள் தோல் எங்கிருந்து வந்தது? டார்வின் காலத்திலிருந்து வீட்டுக்கோழியின் ஒரே மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றுதான் சொல்லிவந்தார்கள். 2008-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் லீஃப் ஆண்டர்சன் குழுவினர், மஞ்சள் தோலுக்கான மரபணு மாற்றம் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். அது தென்னிந்தியப் பறவை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் கூவிக்கொண்டிருப்பது. அறிவியல் பெயரில் இருக்கும் சொனராட், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். கனெக்டிகட்டில் பிளேக்ஸ்லீ பம்பரம் சுற்றி அளந்த மஞ்சளுக்கு மூலம் நம் பக்கத்துக் காடு.

நிறம் சரக்கானபோது

நிறம் தீவனத்திலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, நிறத்தைத் தீவனத்தில் போட எவ்வளவு நேரமாகும்? சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் மஞ்சள் கருவுக்கென்றே விசிறி மாதிரி ஒரு நிற அட்டை கொண்டுவந்தது. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் ஆரஞ்சு வரை 1 முதல் 15 எண்கள். வாங்குபவர் எண்ணைச் சொன்னால் போதும், தீவனக்காரர் அதற்கேற்பக் கலந்து கொடுத்துவிடுவார். மஞ்சளுக்குச் செண்டுமல்லிச் சாறு, சிவப்புக்கு மிளகாய்ச் சாறு, அல்லது ஆலையில் செய்த நிறமி. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்தம் போட்டுச் செண்டுமல்லி பயிரிடுகிறார்களே, அதெல்லாம் மாலைக்குப் போவதில்லை. சாறு பிழியப்பட்டு, ஒரு பகுதி உலகெங்கும் உள்ள கோழித் தீவனத்துக்குப் போகிறது.

இதுவரை பெரிய தப்பு இல்லை. தப்பு நடந்தது 2006-இல் சீனாவில். புல்லும் மீனும் தின்ற வாத்தின் முட்டை சிவந்த கருவோடு இருக்கும் என்று நம்பி மக்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஹபெய் மாகாணத்தில் சிலர் தீவனத்தில், உணவுக்கு அனுமதியில்லாத சூடான் சாயத்தைக் கலந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் பெய்ஜிங் கடைகளிலிருந்து முட்டைகள் அகற்றப்பட்டன. சூடான் சாயக் குடும்பத்துக்கும் முட்டைக்கும் பழைய உறவு உண்டு. கருவில் அடுக்குகள் எப்படிப் படிகின்றன என்று பார்க்க, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் கோழிக்குக் கொடுத்ததும் அந்தக் குடும்பத்துச் சாயம்தான். உண்மையைப் பார்க்க உதவியது, நூறு வருடத்தில் பொய்க்கு உதவியது.

கொல்லையில் கோழி வைத்திருப்பவர்களுக்கு

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை விட்டு அடையில் உட்கார்ந்துவிடும். பகலெல்லாம் புல்லும் கீரையும் கொத்தும். வரவு அதிகம், செலவு குறைவு. கரு ஆரஞ்சாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டை விடுகிறது. தீவனத்தில் இருக்கும் நிறமியை அத்தனை கருவுக்கும் பங்கு போட வேண்டும். அதே கோழிக்கு மஞ்சள் மக்காச்சோளத்துக்குப் பதில் அரிசிக் குருணையைப் போட்டால் பத்தே நாளில் கரு வெளுத்துவிடும். கோழி அதே கோழிதான்.

ஆகவே முட்டை திடீரென்று வெளுத்தால் முதலில் தீவனத்தைப் பாருங்கள், கோழிக்கு மருந்து தேடாதீர்கள். முட்டை குறைந்தால் கருவைப் பார்த்துப் பயனில்லை. பகல் வெளிச்சம் குறைந்திருக்கிறதா, இறகு உதிர்க்கிறதா, அடையில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள்கால் இனமாக இருந்தால் அலகையும் காலையும் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: தீவனத்தில் நிறமி இல்லாவிட்டால் சோம்பேறிக் கோழிக்கும் கால் வெளுப்பாகத்தான் இருக்கும். பாமரின் லெகார்ன்கள் காட்டியது அதைத்தானே.

கரு சொல்வது போன வாரத் தீனியை. கால் சொல்வது போன மாதங்களின் உழைப்பை. முட்டையின் சத்தைப் பற்றி இரண்டுமே பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் கடையில் நாம் விலை கொடுப்பது முதல் கணக்குக்குத்தான். அதுவும் அந்தக் கணக்கை எழுதியது புல்லா, செண்டுமல்லிச் சாறா என்று தெரியாமலே.