ஓட்டுத் துண்டின் மதிப்பு

முற்காலத்தில் காரைதீவு எனப்பட்ட காரைநகர் மண்ணிலும் பெருங்கற்காலப் பண்பாட்டுச் சுவடுகள் உண்டென, 1987இல் வெளிவந்த தம் நூலிலே ஆய்வாளர் பொன்னம்பலம் இரகுபதி எடுத்துக்காட்டினார். அப்பண்பாட்டின் அடையாளம் கறுப்புச் சிவப்பு மட்கலம். கவிழ்த்துச் சுடுகையில் காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். உள்ளே நுண்ணிய வளையக் கோடுகள் ஓடினால் அது சக்கரத்தில் வனைந்தது; விரற்பதிவும் சீரற்ற தடிப்பும் காணப்படின் கையால் வனைந்தது.

1977இல் வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் சொங் அரசர் காலச் சீனக் கலங்கள் வெளிப்பட்டன. மெருகிட்ட அத்தகைய கலங்களையே சந்தை விரும்பும். வரலாற்றின் தராசோ வேறு. 1980இல் ஆனைக்கோட்டையில் ஓர் எலும்புக்கூட்டின் அருகே பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அவ்விடத்திலேயே கறுப்புச் சிவப்புக் கலங்களும் இருந்தமையாலன்றோ, அவற்றை ஆண்ட மக்களிடையே எழுத்து வழங்கியமை புலனாயிற்று! கலம் ஒருவர் கையிலும் முத்திரை வேறொருவர் கையிலும் போயிருந்தால், அவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

ஆதலின், பழைய ஓட்டையோ சுடுமண் பாவையையோ காண்பவர் அதனைப் பெயர்க்காது, இடத்தைக் குறித்துத் தொல்லியற்றிணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். கிடந்த இடத்தை இழந்த ஓடு, பேச்சிழந்த சாட்சியேயாகும்.