எத்தனாம் நம்பர் கூண்டு?

ஐப்பசி பிறந்தால் கடலூரை ஒட்டிய மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் இந்தக் கேள்வி வீடுவீடாகச் சுற்றத் தொடங்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பொறுத்துத்தான் மற்ற வேலைகள். ஒன்று, இரண்டு என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. மூன்று என்றால் படகை மேட்டுக்கு இழுக்க வேண்டும், வலையைச் சுருட்ட வேண்டும். எட்டுக்கு மேல் போனால் கூரையைக் கயிற்றால் கட்டிவிட்டு, பிள்ளைகளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று எல்லை வகுத்த கதை, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருக்கிறது. எல்லையை வகுத்தவர்களுக்குக் கடல் பிடிபடவில்லை. 1749 ஏப்ரலில், மழைக்காலத்துக்கு வெகு முன்பே ஒரு புயல் வந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பல் 'நமூர்' கோட்டைக்கு அருகே உடைந்து 520 பேர் மாண்டார்கள். 'பெம்புரோக்' என்ற போர்க்கப்பலும் அதே புயலில் போயிற்று. பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார். வரப்போவதை முன்கூட்டிச் சொல்ல அன்று எந்த ஏற்பாடும் கிடையாது.

அந்த ஏற்பாடு பிறக்க இன்னொரு பேரழிவு தேவைப்பட்டது. 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, அடுத்த ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கியது. 1898இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே முறை வந்தது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் சேதி சொல்லும். ஐந்து முதல் பத்து வரையான எண்கள் புயலின் கடுமையோடு, அது துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதையும் காட்டும். கரைவாசிகளுக்கு இது உயிர் விஷயம். புயல் கடலூருக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து அடித்து அலையை ஊருக்குள் தள்ளும். வடக்கே போனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். பதினொன்றாம் எண் எல்லாவற்றிலும் விபரீதமானது. வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று அதற்குப் பொருள்.

ஆனால் கூண்டு கப்பலுக்காகப் பிறந்தது. அதைக் குடும்பத்துக்கானதாக மாற்றிக்கொண்டவர்கள் கரைவாசிகளே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எந்தக் கூண்டும் ஏறவில்லை. வானம் தெளிவாக இருந்தது. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோனது. மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. அதே கரையில், சற்று வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிற நல்லவாடு தப்பித்துக்கொண்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். மீனவருக்கு அலை உயரம் சொல்ல அன்றாடம் பயன்பட்ட ஒலிபெருக்கி அது. பழகிய குரல் என்பதால்தான் கேட்டவுடன் ஓடினார்கள் என்று தோன்றுகிறது. ஹைதராபாத்தில் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007இல்.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' வந்தது. இம்முறை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயல் உட்பகுதிகளையும் நொறுக்கியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடத்து நீர் என்ற பழைய சேமிப்பின் அருமை அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டும் திட்டத்தை அரசு அறிவித்தது.

கான்கிரீட் கூரை காற்றைத் தாங்கும், வெள்ளத்தைத் தடுக்காது. 2015 நவம்பர் மழையில் மாவட்டமே மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே 'ஃபெஞ்சல்' கரை கடந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சுவிட்ட வேளையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்த நீர் தென்பெண்ணை ஆற்றில் இறங்கிக் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. கடலைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு ஆபத்து முதுகுப்பக்கம் வந்தது. ஆற்றோரத்துக் குடும்பங்களுக்குத் துறைமுகத்துக் கூண்டின் எண் மட்டும் போதாது. சாத்தனூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தால்தான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றவும், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும் நேரம் கிடைக்கும்.